இன்னாசியின் கூழைக்கடாவும் வியாகுலத்தின் சிப்பியும்

"ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா, கூழைக்கடாவை விட சிப்பிதான் ஒரு படி மேல."

கொம்பாழித்துறை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு ஒரு பெண் கைபேசியில் இப்படிச் சொன்னது, பக்கத்தில் மஞ்சப்பையோடு நின்ற அமலோற்பவத்தின் காதில் விழுந்தது. பேசியவள் பெயர் பொற்கொடி. கடல் உயிரினங்களைப் பற்றிப் படிக்கிறவள். ஒரு மாதமாக அந்தக் கரையில் குத்தவைத்துச் சிப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். சிப்பி நாளெல்லாம் கடல்நீரை வடிகட்டிச் சுத்தம் செய்கிறதே, அதைத்தான் தோழியிடம் வியந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

அமலோற்பவம் அதை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கக் கூடாது. ஆனால் மத்தியானம் சோறு போடும்போது குழம்பில் உப்பு கூடிவிட்டது. புருஷன் இன்னாசி அதைக் கவனிப்பதற்குள் வேறு ஏதாவது பேசியாக வேண்டியிருந்தது. பேசிவிட்டாள். அவளுடைய அண்ணன் வியாகுலமும் அன்று அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வியாகுலம் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "படிச்ச புள்ள சொல்லுது மச்சான். அப்ப கூழைக்கடா கிடையாது."

"குழம்புல உப்பு கூட" என்றார் இன்னாசி. பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

கொம்பாழித்துறைக்காரர்கள் முட்டாள்கள் என்று பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். அது சரியில்லை. அவர்கள் சொன்னதைச் செய்கிறவர்கள். சொன்னதை மட்டும், சொன்னபடியே செய்கிறவர்கள். வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று சொல்லி வளர்த்த ஊர் அது. போன வருஷம் பிடிபட்ட திருடன்கூட ஒரு பெட்டைக்கோழியோடுதான் போனான்.

அந்த ஊரில் படகின் முன்முனையை அணியம் என்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் குறியை அணியத்தில் வரைந்துகொள்ளும். தொலைவில் வரும்போதே எந்த வீட்டுப் படகு என்று கரையில் நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? இன்னாசி வீட்டுக்குக் கூழைக்கடா. வியாகுலம் வீட்டுக்குச் சிப்பி. மூன்று தலைமுறையாக அப்படித்தான். இப்போது மச்சான்கள் இருவரும் ஆளுக்குப் பாதியாகச் சேர்ந்து ஒரு புதுப் படகு வாங்கியிருந்தார்கள். படகு ஒன்று, அணியம் ஒன்று.

இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றும் வரைந்தால் போயிற்று என்று உங்களுக்குத் தோன்றும். அமலோற்பவத்துக்கும் தோன்றியது. ஆனால் அப்படி வரைந்தால் படகு போகும்போது ஒரு பக்கத்தில் நிற்பவன் கூழைக்கடாப் படகு போனது என்பான், மறுபக்கத்தில் நிற்பவன் சிப்பிப் படகு போனது என்பான். போனது இரண்டு, திரும்பியது ஒன்று என்று கணக்காகிவிடும். மற்றதைத் தேடி ஊரே கடலில் இறங்க வேண்டிவரும். இன்னாசியும் வியாகுலமும் முழுமனதோடு ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான்.

யார் குறியை வரைவது என்று ஏழு மாதம் பேசியிருந்தார்கள். கடைசியில் அமலோற்பவம் அண்ணன் முன்னால் மூக்கைச் சிந்தி, கூழைக்கடா என்று முடித்துவைத்திருந்தாள். அதைத்தான் பஸ் நிறுத்தத்துப் பேச்சு கலைத்துவிட்டது. ஓவியர் கஸ்பார் வெள்ளைச் சாயம் குழைத்து மூடிவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துப் படகை மந்திரிப்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அவர் அந்தத் துறைக்கு வருவது. குறி இல்லாத படகை மந்திரிப்பதில்லை. மந்திரிக்காத படகில் யாரும் கால் வைப்பதில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் ஊரே நெத்திலிக்குப் போகிறது. நெத்திலி யாருக்காகவும் மூன்று மாதம் காத்திருக்காது.

அமலோற்பவத்துக்கு நெத்திலிக் கவலை பாதிதான். இந்த இரண்டு வீட்டுக்கும் சேர்ந்த ஒரே ஆள் அவள். முன்பு ஒருமுறை மச்சான்கள் முறைத்துக்கொண்டபோது அவள் பிறந்த வீட்டுப் படியேற முடியாமல், பதினோரு மாதம் மதிலுக்கு வெளியே நின்றே அண்ணியோடு பேசினாள். அண்ணிக்குக் குரல் மெல்லிசு. பாதி சேதி இன்னும் அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் மச்சான்கள் இருவரும் பொற்கொடியைத் தேடிக் கரைக்குப் போனார்கள். மீனவர் சங்கச் செயலாளர் தஸ்நேவிஸும் கூடப் போனார். ஊரில் சட்டைப் பையில் பேனா வைத்திருந்தவர் அவர் ஒருவரே. அமலோற்பவம் சற்றுத் தள்ளி, வலை பார்ப்பதுபோல் நின்றாள்.

"தாயி, கூழைக்கடாவை விட சிப்பி மேலன்னு சொன்னியாமே?" என்றார் வியாகுலம்.

பொற்கொடி எழுந்து மணலைத் தட்டிவிட்டாள். கூச்ச சுபாவம் உள்ள பெண். "அது வந்து… நான் சும்மா ஃபோன்ல…"

"எத்தனை படின்னு கேக்காரு" என்றார் தஸ்நேவிஸ், பேனாவைத் திறந்துகொண்டு.

"ஒண்ணு" என்றாள் அவள் பயந்துபோய்.

"ஒரு படிதானா?" இன்னாசிக்கு மூச்சு வந்தது. "ஒரு படி ஏறிரலாம் மச்சான்."

"அண்ணாச்சி, ரெண்டும் வேற வேற இனம். அப்படி மேல கீழன்னு சொல்ல முடியாது. ஒப்பிடணும்னா அதுக்கு ஒரு முறை இருக்கு" என்று பொற்கொடி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மூன்று வரி எழுதினாள். இரண்டையும் ஒரே சூழ்நிலையில் வைத்துப் பார்க்கவும். ஒன்றைக் குறித்துக் கேட்கும் கேள்வியையே மற்றதைக் குறித்தும் கேட்கவும். கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாது.

தஸ்நேவிஸ் கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டார். பொற்கொடி பதினோரு மணி பஸ்ஸில் ஊருக்குப் போனாள். இனி செவ்வாய்க்கிழமைதான் வருவாள். அமலோற்பவம் பஸ் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒப்பீடு வலைக்கொட்டகையில் நடந்தது. ஓவியர் கஸ்பாரும் வந்து உட்கார்ந்துகொண்டார். வியாகுலம் உள்ளங்கை அகலச் சிப்பி ஒன்றைத் தேடியெடுத்து, கடல்நீர் நிறைத்த வாளியில் இட்டுக் கொண்டுவந்தார். கூழைக்கடாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. மீன் குடலுக்காகக் கொட்டகையையே சுற்றிக்கொண்டிருந்த கிழட்டுக் கூழைக்கடா ஒன்று, கூட்டம் கூடியதைப் பார்த்துத் தானே வந்து நடுவில் நின்றது.

"ஒரே சூழ்நிலை" என்று தஸ்நேவிஸ் தாளைப் பார்த்து வாசித்தார். "சிப்பி வாளியில இருக்கு. கூழைக்கடா தரையில இருக்கு. இது செல்லாது."

"அப்ப சிப்பியைத் தரையில வைங்க" என்றாள் அமலோற்பவம்.

நான்கு ஆண்களும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "சிப்பி செத்துரும் தாயி. செத்தது ஒண்ணு, உயிரோட ஒண்ணு. அது எப்படி ஒரே சூழ்நிலையாகும்?" என்றார் வியாகுலம்.

ஆகவே கூழைக்கடாவை வாளியில் இறக்க வேண்டியதாயிற்று. ஒரு கால் இறங்கியது. மற்ற எதுவும் இறங்கவில்லை. திருவிழாச் சோறு வடிக்கும் அண்டாவைக் கோயிலிலிருந்து உருட்டிவந்து கடல்நீர் நிறைத்து, இரண்டு சாளை மீனைப் போட்டார்கள். கூழைக்கடா தானே ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன் முகத்தைப் பார்த்தால், இத்தனை வருஷமாக இதை ஏன் யாரும் செய்யவில்லை என்று கேட்பதுபோல் இருந்தது.

"அதுக்கு மீன் போட்டீங்க. சிப்பிக்கு?" என்றார் வியாகுலம். சிப்பி வாளியிலும் இரண்டு சாளையைப் போட்டார்கள். அவை அங்கேயே மிதந்தன.

அடுத்தது கேள்வி. தஸ்நேவிஸ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அண்டாவின் பக்கம் குனிந்தார். "உமக்கு வயசென்ன?"

கூழைக்கடா வாயைத் திறந்து மூடியது. அவர் வாளிப் பக்கம் திரும்பினார். "உமக்கு?" சிப்பியும் கொஞ்சம் திறந்து மூடியது.

"ரெண்டு பேரும் ஒரே பதில்" என்று எழுதப்போனார்.

"எங்க சிப்பி யோசிச்சுச் சொல்லிச்சு. பாத்தீரா? அவசரமே இல்லை" என்றார் வியாகுலம்.

"எங்களது தெளிவாச் சொல்லிச்சு. அதைப் பாரும்" என்றார் இன்னாசி.

"சிப்பிக்கு ஓட்டுல வரி இருக்கும், அதை எண்ணினா வயசு தெரியும்னு அந்தப் பொண்ணே பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டு இருந்துச்சு" என்றார் கஸ்பார். அதுவரை அவர் பேசவில்லை. சாயம் காய்ந்துவிடுமே என்பது அவர் கவலை.

எண்ணினார்கள். சிப்பியின் ஓட்டில் பதினோரு வளையம். கூழைக்கடாவின் மேல் வளையம் தேடினார்கள். கழுத்தில் இல்லை, இறக்கையில் இல்லை. பறவை ஆராய்ச்சிக்காரர்கள் என்றைக்கோ மாட்டிவிட்ட இரும்பு வளையம் ஒன்று காலில் இருந்தது.

"வயசு ஒண்ணு" என்று எழுதினார் தஸ்நேவிஸ்.

இன்னாசிக்கு முகம் கறுத்துவிட்டது. "நான் கல்யாணம் பண்ணின வருஷத்துல இருந்து இது இங்கதான் கிடக்கு!"

"அதெல்லாம் தெரியாது. வளையம் ஒண்ணுதான் இருக்கு."

இன்னாசி மெல்ல மனைவியிடம் வந்தார். "அமலி, அந்தக் கண்ணாடி வளையல்ல ஒரு பத்து மட்டும் கழட்டித் தா."

"எதுக்கு?"

"அதுக்கு வயசு பத்தலை."

அமலோற்பவம் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். சாயங்காலம்வரை எடுக்கவில்லை.

எடை பார்க்கும்போது இன்னாசிக்கு உற்சாகம் திரும்பியது. தராசில் கூழைக்கடா ஐந்து கிலோவுக்கு மேல் இழுத்தது. சிப்பி தராசு முள்ளை அசைக்கவேயில்லை. ஆனால் வியாகுலத்துக்கு வருத்தமில்லை. அவருக்கு நியாயம்தான் முக்கியம்.

"ஒரு சங்கதி சொல்லுதேன் மச்சான். உமக்காகத்தான். சிப்பியை வீட்டோட சேத்து எடை போட்டாச்சு. ஓடுதானே அதுக்கு வீடு? கூழைக்கடாவை வீடு இல்லாம போட்டிருக்கு. இது உமக்கு அநியாயம்."

இன்னாசி நெகிழ்ந்துபோனார். "ஆமா மச்சான். நீரு சொல்லலைன்னா எனக்குத் தோணியிருக்காது."

கூழைக்கடா தங்குவது ஊர்க் கோடியிலுள்ள பெரிய குடைவேல மரத்தில். வேறு நாற்பது பறவைகளும் அதில் உண்டு. இரண்டு பேர் கோடாலிக்கும் கயிற்றுக்கும் போனார்கள். அமலோற்பவம் ஓடிப்போய் மரத்தடியில் நின்றுகொண்டாள்.

"வாடகை வீட்டை எடையில சேக்கக் கூடாது" என்று கத்தினாள்.

கோடாலிக்காரர்கள் இதை யோசித்தார்கள். சரியாகத்தான் பட்டது. திரும்பிவிட்டார்கள்.

கடைசியாகப் பறப்பது. இதில் சந்தேகமே இல்லை என்று இன்னாசி நினைத்தார். தஸ்நேவிஸ்தான் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நிறுத்தினார்.

"கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாது. சிப்பி பறக்காதுன்னு எழுதணும்னா, அது பறக்காததை நாம பாத்திருக்கணும்."

"எவ்வளவு நேரம் பாக்கணும்?"

"அது எழுதலை."

எல்லோரும் வாளியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சிப்பி பறக்கவில்லை. மணி மூன்றாயிற்று. நாலாயிற்று. வயிறு நிறைந்த கூழைக்கடாவும் அண்டாவை விட்டு அசையவில்லை. "மூணு மணியில இருந்து ரெண்டுமே பறக்கலை. சமம்" என்று எழுதினார் தஸ்நேவிஸ்.

வியாகுலம் சிப்பியைக் கையில் எடுத்தார். "கூழைக்கடா எழும்பணும்னா தண்ணி மேல கொஞ்ச தூரம் ஓடும். ஓடித்தான் பறக்கும். நீங்களே பாத்திருக்கீங்க. இதுக்கு ஓடக் கால் இல்லை. முதல் வேகம் மட்டும் நான் குடுக்கேன், அப்புறம் அது பாடு."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வியாகுலம் சிலுவை போட்டுக்கொண்டு சிப்பியை மேலே வீசினார். அது கொட்டகைக் கூரையளவு எழும்பியது. நல்ல எழும்பல்தான். இறங்கும் வழியில் கூழைக்கடா கழுத்தை நீட்டி, பையைத் திறந்து, லபக்கென்று வாங்கிக்கொண்டது. தலையை இரண்டு தரம் ஆட்டியது. தொண்டையில் ஏதோ இறங்கியது தெரிந்தது.

கூழைக்கடா அண்டாவிலிருந்து இறங்கி, கடலைப் பார்த்து நடந்து, அலைமேல் தடதடவென்று ஓடி எழும்பிப் பறந்தது.

"பறக்குது!" என்று அலறினார் வியாகுலம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்க சிப்பி பறக்குது! எழுதும்வே!"

தஸ்நேவிஸ் நேரத்தைக் குறித்து எழுதினார். கண்ணால் பார்த்ததுதானே.

அதன் பிறகுதான் உண்மையான சண்டை. "எங்களது உம்மதைத் தின்னுட்டுது" என்றார் இன்னாசி. "எங்களது உம்மதுக்குள்ள குடியேறிட்டுது" என்றார் வியாகுலம். தின்றவன் பெரியவனா, தின்னப்பட்டும் கூடவே பறக்கிறவன் பெரியவனா என்று வார்த்தை வளர்ந்தது. "இனி எங்க வீட்டு வாசல்ல நிக்காதேயும்" என்று வியாகுலம் சொன்னபோது அமலோற்பவத்துக்குப் பழைய மதில் ஞாபகம் வந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயோ, உள்ள சிப்பி இருக்கு, வெளிய கூழைக்கடா இருக்கு! அப்படியே வரைஞ்சு தொலைங்களேன்!"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் நான்கு பேரும் சட்டென்று அடங்கினார்கள்.

"இவளும் நம்ம வீட்டுப் பொண்ணுதானே" என்றார் வியாகுலம்.

சனிக்கிழமை முழுவதும் கஸ்பார் அணியத்தில் சிப்பி வரைந்தார். வாழ்நாளில் அவர் அதுபோல் வரைந்ததில்லை. பதினோரு வளையமும் எண்ணி வரைந்தார். ஓரத்தில் முத்தின் மினுக்கத்துக்கு ரோஸ் நிறம் தொட்டார். ஊர் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனது. வியாகுலம் வந்தவர்களுக்கெல்லாம் சுக்குக் காப்பி கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கஸ்பார் அதே இடத்தில், சிப்பியின் மேல், வெள்ளைச் சாயத்தால் ஒரு கூழைக்கடாவை வரைந்தார். வயிறு சரியாகச் சிப்பியை மூடியது. ஒரு விளிம்புகூட வெளியே தெரியாதபடி இரண்டு பூச்சுப் பூசினார். உள்ளே இருப்பது வெளியே தெரிந்தால் அது உள்ளே இருப்பதாகாது என்று மச்சான்கள் இருவருமே கூட நின்று சொன்னார்கள். அமலோற்பவம் வாயைத் திறந்தாள். இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

பூசைக்குப் பிறகு சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். "கூழைக்கடா ரொம்ப நல்லா வந்திருக்கே" என்றார்.

"சிப்பி, சாமி?" என்றார் வியாகுலம்.

சாமியார் அணியத்தைப் பார்த்தார். மறுபக்கம் போய்ப் பார்த்தார். வியாகுலத்தின் முகத்தையும் பார்த்தார். "சிப்பியும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த படகுக்குப் போனார்.

அன்று இரண்டு வீட்டுக்கும் ஒரே உலை. அமலோற்பவம் அண்ணன் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து, அண்ணியிடம் பழைய சேதியில் விட்டுப்போன பாதியைக் கேட்டாள்.

திங்கட்கிழமை காலையில் கரை முழுவதும் ஏலேலோ சத்தம். ஒவ்வொரு படகாகத் தள்ளி இறக்கினார்கள். இன்னாசி புதுப் படகில் கைவைத்துத் தோளைக் கொடுத்தார். பக்கத்தில் வியாகுலத்தைக் காணோம். அவர் மணலில் உட்கார்ந்து, அணியத்தில் வரைந்திருந்த கூழைக்கடாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே?" என்றாள் அமலோற்பவம்.

"வெள்ளிக்கிழமை முழுங்கினது" என்றார் வியாகுலம். "இன்னிக்குத் திங்கள்."

"அதுக்கு?"

"மூணு நாள் ஆயிட்டு தாயி. செரிச்சிருக்குமே."

"எங்க வீட்டுக் கூழைக்கடா காலையில தின்னதை மத்தியானத்துக்குள்ள செரிச்சிரும்" என்றார் இன்னாசி பெருமையாக. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. தோளை எடுத்துக்கொண்டு அவரும் மணலில் உட்கார்ந்தார்.

"சிப்பி இல்லைன்னா இது உம்ம படகுதான் மச்சான். நான் ஏற முடியாது."

"நீரு ஏறலைன்னா நான் மட்டும் எப்படி ஏறுவேன்?"

"நான் வரையும்போது இருந்துச்சு" என்றார் கஸ்பார். "அதுக்கப்புறம் நடந்ததுக்கு நான் பொறுப்பில்லை."

தஸ்நேவிஸ் தாளை விரித்து மூன்றாவது வரியை மறுபடி வாசித்தார். "இருக்குன்னும் எழுத முடியாது. இல்லைன்னும் எழுத முடியாது" என்றார்.

மற்ற படகுகள் எல்லாம் போய்விட்டன. கடைசிப் படகு கடலில் ஒரு நகத்தளவு தெரிந்தது. அமலோற்பவம் அதைப் பார்த்தாள். மணலில் வரிசையாக உட்கார்ந்திருந்த நான்கு பேரையும் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மீன் அரியும் கத்தியோடு படகில் ஏறி, அணியத்தில் கவிழ்ந்து படுத்துக் கையை நீட்டி, கூழைக்கடாவின் வயிற்றைச் சுரண்டத் தொடங்கினாள்.